தலைகீழாகத் தொங்குகிறவனைக் கட்டியது யார்?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். பதவி உயர்வு தருகிறோம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது வேறொரு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். குழப்பத்தில், தோழி சொன்ன ஒருவரிடம் போனில் டாரட் என்ற சீட்டு ஜோசியம் பார்த்தேன். ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கும் மனிதன் வந்தான். ‘இது தியாகத்தின் கார்டு. சரணடையுங்கள், எந்த முடிவும் எடுக்காதீர்கள்’ என்றார். தடை விலக ஹீலிங் செய்ய வேண்டுமாம், 4,500 ரூபாயாம். இன்னும் கட்டவில்லை. போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தூக்குப் போட்ட படமெல்லாம் வீட்டுக்குள் வரலாமா என்று அம்மா அழுதுவிட்டார். இந்தக் கார்டுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். கயிறு கழுத்தில் இல்லை, வலது கணுக்காலில் இருக்கிறது. இடது காலை மடித்துப் பின்பக்கமாகக் குறுக்கே வைத்திருக்கிறான், திண்ணையில் சாய்ந்தவன் கால்மேல் கால் போட்டுக்கொள்வதுபோல. கைகள் முதுகுக்குப் பின்னால். முகத்தில் வலியின் சுவடே கிடையாது. தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம், நம் சாமி படங்களில் இருக்குமே, அதேதான். அவன் தொங்கும் கட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை மரம், இலை விட்டிருக்கிறது. தூக்குமரம் எங்கேயாவது துளிர்க்குமா என்று கேளுங்கள், அம்மா கொஞ்சம் தேறிவிடுவார்.

உங்களுக்கு வந்தது அநேகமாக 1909இல் லண்டனில் வெளியான ரைடர்–வெயிட் சீட்டுக்கட்டாக இருக்கும். இன்று பெரும்பாலானவர்கள் டாரட் என்று சொல்வது இதைத்தான், அல்லது இதைப் பார்த்து வரைந்த வேறொன்றை. மொத்தம் 78 கார்டுகள். அவற்றில் 22 முக்கியமானவை, அவற்றில் உங்கள் ஆள் 12ஆம் எண். 11 நீதி, 13 மரணம், இரண்டுக்கும் நடுவில் இவன். வகுத்துக் கொடுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். வேலையோ பெரிது, காசோ ரொம்பக் கொஞ்சம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடர் இருக்கிறார், வெயிட் இருக்கிறார், படம் போட்டவர் மட்டும் இல்லை. ஓரத்தில் பொடியாக ஒரு கையெழுத்துச் சுழி, அவ்வளவுதான். உங்கள் பதவி உயர்வுக் கதையைப் படித்தபோது எனக்கு இந்த அம்மாள் நினைவு வந்தது.

அம்மாவின் பயம் வெறும் அறியாமை என்றும் தள்ளிவிடாதீர்கள். இந்தப் படம் பிறந்த காலத்தில் இது பயப்பட வேண்டிய படமாகத்தான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இந்தக் கார்டுகள் பிறந்தபோது குறியும் கிடையாது, ஜோசியமும் கிடையாது. பிரபுக்கள் வீட்டுச் சீட்டாட்டம். அந்த ஆட்டத்தில் இந்தக் கார்டுக்கு இருந்த ஒரு பெயர் ‘துரோகி’. ஊருக்குத் துரோகம் செய்தவனை, தலைகீழாகத் தொங்குவதாகப் பொதுச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவது அங்கே வழக்கம். ஆள் தப்பி ஓடியிருந்தாலும் படம் தொங்கும். 1478இல் ஃப்ளோரன்ஸ் நகரின் தேவாலயத்தில், ஊரைக் கைக்குள் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்துச் சகோதரர்களைக் கொல்லச் சதி நடந்தது. தம்பி செத்தார், அண்ணன் லொரென்சோ பிழைத்தார். சதிகாரர்களை அரண்மனைச் சுவரில் வரைந்தவர் வேறு யாருமல்ல, போட்டிசெல்லிதான். கடலில் சிப்பிமேல் நிற்கும் வீனஸை வரைந்தாரே, அவரேதான். 1494இல் மெடிச்சிகளை ஊரைவிட்டுத் துரத்தியதும் சுவரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் பழைய கட்டு ஒன்றில், தொங்குகிறவன் இரண்டு கையிலும் பணப்பையைப் பிடித்திருக்கிறான். பார்த்தவர்களுக்கு, காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நினைவு வராமல் போயிருக்காது.

அப்புறம் இந்தத் துரோகி எப்படி ஞானியானான்? 1781இல் பாரிஸில் கூர் தெ ஜெபெலின் என்ற அறிஞர், இந்தச் சீட்டுகள் எகிப்துப் பூசாரிகளின் ரகசிய நூல் என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்தைப் படிக்க வழி கிடைத்ததே 1822இல்தான், அதற்கு 41 வருடம் முன்பே இவர் இப்படி அடித்துவிட்டார்! நம் தொங்கும் ஆளைப் பற்றி அவர் சொன்னது இன்னும் தமாஷ். அவன் ஒற்றைக் காலைத் தூக்கி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் ‘விவேகம்’ என்ற உருவமாம், அச்சடித்தவன் புரியாமல் தலைகீழாக்கிவிட்டானாம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் பொழுதுபோக்குச் சீட்டை மறைபொருளாகப் பார்க்கும் மோகம் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. பிரெஞ்சு மாந்திரீக எழுத்தாளர்கள் 22 கார்டுகளையும் 22 எபிரேய எழுத்துகளோடு ஜோடி சேர்த்தார்கள். வெயிட்டும் பமீலாவும் உறுப்பினர்களாக இருந்த லண்டன் ‘கோல்டன் டான்’ மாந்திரீகச் சங்கத்தில் இந்தக் கார்டுக்கு ‘மேம்’ என்ற எழுத்தும் நீர் என்ற பூதமும் கிடைத்தன. வட ஐரோப்பாவின் ஓடின் கதையையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். எழுத்தின் ரகசியத்தை அறிய ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கிய கடவுள் அவர்.

தியாகம், சரணாகதி, தலைகீழாகப் பார்த்தால் தெரியும் உண்மை என்று உங்களிடம் சொன்னதெல்லாம் இந்த இரண்டாவது பிறவியின் சரக்கு. அழகான சரக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் வெயிட் இந்தக் கார்டுக்கு எழுதிய பலன்களைப் பாருங்கள்: ஞானம், முன்யோசனை, பகுத்தறிதல், சோதனை, தியாகம், உள்ளுணர்வு, இப்படிப் போகிறது. ‘எந்த முடிவும் எடுக்காதே’ என்பது அதில் எங்கேயும் இல்லை. முன்யோசனையும் பகுத்தறிதலும் முடிவெடுக்கப் போகிறவருக்குத்தானே வேண்டும்?

கலைத்துப் போட்ட சீட்டுக்கு உங்கள் கம்பெனியைப் பற்றி ஏதாவது தெரியும் என்று நான் நம்பவில்லை. 78இல் ஒன்று வந்தது, வேறொன்றும் வந்திருக்கலாம். ஆனாலும் இந்தப் படத்தை வைத்து ஒன்று யோசிக்கலாம். சுவரில் வரைந்த துரோகியைக் கட்டித் தொங்கவிட்டது அடுத்தவர்கள். ஓடின் தானாகப் போய்த் தொங்கினார், எதற்காக என்று தெரிந்து தொங்கினார், ஒன்பதாவது இரவோடு இறங்கியும் வந்துவிட்டார். உங்கள் இரண்டு வருடம் இதில் எந்த வகை? மேல்படிப்பை முடிக்கவோ, வீட்டுக் கடனை அடைக்கவோ நீங்களாகவே அங்கே இருந்தால், அது தவம். முடியும்வரை இருங்கள். ‘அடுத்த அப்ரைசல்ல பார்த்துக்கலாம்மா’ என்று ஒருவர் சொல்லிச் சொல்லியே உட்கார்ந்திருந்தால், கயிறு அவர் கையில் இருக்கிறது. அதற்குத் தியாகம் என்று பேர் வைக்காதீர்கள். கடிதத்தைப் படித்தவரை எனக்கு இரண்டாவதாகத்தான் தெரிகிறது, ஆனால் முழு விவரமும் உங்களுக்குத்தான் தெரியும்.

எனவே இந்த வாரமே மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றையும் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் பதில் வரட்டும். புது இடத்தின் ஆஃபர் லெட்டர் கைக்கு வருமுன் ராஜினாமா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், புது இடம் அதுவரை பொறுக்குமா என்று பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியவர் நீங்கள், ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைப் போய் நான் சொல்கிறேன்! இருந்தாலும் சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. மெயிலுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அதுவே பதில்.

அந்த 4,500 ரூபாயைக் கட்ட வேண்டாம். பயத்தையும் அவரே கொடுத்து, அதை எடுப்பதற்கும் அவரே விலை சொல்கிறார். வெயிட் எழுதிய பலன்களில் ஹீலிங் கட்டணம் எதுவும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். மறுபடி மறுபடி கூப்பிட்டால் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். தொகை எவ்வளவு என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள், இன்னொரு முறை அழுவார்.