ரிவர்ஸ் போட்டும் பீப் வரவில்லையா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். போன வருஷம் 9 லட்ச ரூபாய்க்குப் புதுக் கார் எடுத்தோம். ரிவர்ஸ் போட்டால் பின்பக்க சென்சார் சில நேரம் ஒலிக்கிறது, சில நேரம் கப்சிப். எங்கள் சந்தில் எந்நேரமும் பிள்ளைகள் விளையாடுவார்கள். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும், "செக் பண்ணிட்டோம் மேடம், மழைத் தண்ணி பட்டா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே புகார் செய்வது?

பதில்: இதை விடாதீர்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களில் ரிவர்ஸ் எச்சரிக்கை கட்டாயம். சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சாதனம் இது. கூடுதல் வசதி என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அதோடு, பாதி நாள் வேலை செய்கிற சென்சார், சென்சாரே இல்லாத வண்டியை விட ஆபத்து. இல்லை என்று தெரிந்தால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம். இருக்கிறது என்ற நம்பிக்கையில், சத்தம் வராவிட்டால் வழி காலி என்று கால் தானாக அழுத்திவிடும். சரியாகும் வரை யாராவது ஒருவர் இறங்கி நின்று பார்த்துச் சொல்லட்டும்.

புகாருக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. மெல்லிய கம்பி, சங்கிலி, பம்பருக்குக் கீழே இருக்கும் கல், மெத்தென்ற துணி இவற்றிலிருந்து எதிரொலி சரியாக வராது. பம்பரை ஒட்டிக் குந்தியிருக்கும் குழந்தையை நல்ல சென்சாரும் தவறவிடலாம். சேறு, கனமழையிலும் தடுமாறும். நாளைக்குக் கம்பெனி இதையெல்லாம்தான் எடுத்து வைக்கும். அதனால் காய்ந்த நாளில், பம்பரைத் துடைத்துவிட்டுச் சோதியுங்கள். மேனுவல் கியர் வண்டி என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின்னால் போய் ஒவ்வொரு சென்சார் மீதும் விரல் நுனியை வைத்தால் லேசான அதிர்வு தெரியும். காதை அருகில் கொண்டுபோனால் டிக் டிக் என்று கேட்கும். எது அசையாமல் கிடக்கிறதோ அதில்தான் கோளாறு. பிறகு பெரிய அட்டைப் பெட்டியை மூன்றடி தள்ளி நிறுத்திப் பாருங்கள். ஒலிக்காத நேரத்தை போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் நம் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். வாயால் சொன்ன புகாருக்குத் தடயமே கிடையாது. "ரிவர்ஸ் சென்சார் சில நேரம் ஒலிப்பதில்லை" என்று அதில் எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, என்ன பார்த்தார்கள், என்ன மாற்றினார்கள் என்பதும் பில்லில் வரவேண்டும். இவற்றை வீடியோவோடு சேர்த்துக் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேதான் போகவேண்டும். உங்கள் 9 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. கெடு இரண்டு வருஷம். பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித் தரவும், அலைச்சலுக்கும் செலவுக்கும் நஷ்ட ஈடும் கேளுங்கள். ஒரு சென்சாருக்காகப் புது வண்டி கேட்டால் வழக்கு பலவீனமாகும் என்பது என் கருத்து. தயாரிப்பிலேயே கோளாறு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை தேவைப்படும். ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேட்கலாம்.

இன்னொரு புகாரும் கொடுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளின் பாதுகாப்புக் குறைகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பதியலாம். ஒரே மாடல் மேல் புகார்கள் வரம்பைத் தாண்டினால், விசாரித்து அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. உங்களுக்குப் பணம் வராது. அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு சந்துக்காரருக்கு உதவும்.

கேள்வி: ஹொரமாவில் எங்கள் அபார்ட்மென்டுக்கு விடிகாலை 5 மணிக்குத் தண்ணி லாரி வரும். ரிவர்ஸ் வரும்போது கீ கீ என்று ஒரே அலறல். தூக்கம் கெடுகிறது என்று அசோசியேஷனில் சொன்னதும், டிரைவர் அந்த வயரையே பிடுங்கிவிட்டார். இது சரியா?

பதில்: சரியே இல்லை. இன்றைக்கே மாட்டச் சொல்லுங்கள். தண்ணி லாரி டிரைவருக்கு நேர் பின்னால் எதுவுமே தெரியாது, டேங்க் மறைக்கிறது. அந்த நேரத்தில்தான் பால் பாக்கெட் போடுகிற பையனும் வாக்கிங் போகிற பெரியவர்களும் அங்கே இருப்பார்கள்.

தூக்கம் கெடுவதும் உண்மையான கஷ்டம்தான். லாரியை 6 மணிக்கு மேல் வரச் சொல்லலாம். இந்த அலாரங்கள் 97, 107, 112 டெசிபல் என்று பல அளவில் வருகின்றன. 112 கல்குவாரிக்கு ஏற்றது. குடியிருப்புச் சந்துக்கு 97 போதும். சுற்றுப்புறச் சத்தத்துக்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளும் வகையும், 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்று ஒலிக்கும் வகையும் உண்டு. இந்தக் கடைசி வகைதான் எனக்குப் பிடித்தது. எந்தப் பக்கமிருந்து வண்டி வருகிறது என்று காதுக்கு உடனே பிடிபடும், தள்ளியிருக்கும் வீடுகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. செலவில் பாதியை அசோசியேஷன் ஏற்றால் லாரி ஓனர் ஒத்துக்கொள்வார். எந்த அலாரம் இருந்தாலும் வாட்ச்மேன் பின்னால் நின்று வழிகாட்டட்டும், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டி நின்றுவிட வேண்டும்.

அலாரத்துக்குப் பதில் சினிமாப் பாட்டு போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். பல ஸ்வரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது.

கேள்வி: என் கார் 2014 மாடல், சென்சார் கிடையாது. பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடையில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. நான்கு சென்சார் உள்ள செட்டாக வாங்குங்கள்; இரண்டு மட்டும் என்றால் நடுவிலும் ஓரத்திலும் இடைவெளி விழும். தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் பொருத்தவேண்டும். ரொம்பத் தாழ்வாக வைத்தால் தரையையே தடங்கல் என்று எடுத்துக்கொண்டு ஓயாமல் கத்தும், அப்புறம் நீங்களே அணைத்துவிடுவீர்கள். பம்பரில் ஓட்டை போட்டால் போட்டதுதான், அதனால் இடத்தைக் குறித்துக் காட்டிய பிறகு டிரில் செய்யச் சொல்லுங்கள். கரன்ட்டை ரிவர்ஸ் லைட்டிலிருந்துதான் எடுப்பார்கள். பின்னாளில் சென்சார் ஊமையானால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டி கார்டும் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பில் இல்லாமல் பிறகு வழக்குப் போடுவது கஷ்டம்.