குடிசை மாற்று வாரியம் சென்னைக்கு மட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

குடிசை மாற்று வாரியம் சென்னைக்காகத் தொடங்கியதுதானா? இப்போது பெயரும் மாறிவிட்டதாமே? எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு வேலை உண்டா?
– வாசகர், கோட்டையூர்

தொடங்கியபோது சென்னைக்கு மட்டும்தான். அதற்கு முன்பு அங்கே மனை பிரித்து வீடு கட்டியது நகர மேம்பாட்டு டிரஸ்ட் (சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், சுருக்கமாக சி.ஐ.டி.). சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்ற பெயர்களில் அது இன்றும் மிச்சமிருக்கிறது. 1961இல் அதன் வேலைகள் வீட்டுவசதி வாரியத்துக்குப் போயின. மாதத் தவணை கட்ட முடிந்தவர்களுக்கே அந்த வீடுகள் எட்டின. கூவம் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கென்று தனி வாரியம் 1970இல், கருணாநிதி முதல்வராக இருந்தபோதுதான் வந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பது அதன் வாசகம்.

மறு ஆண்டே சட்டமும் வந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்க வேண்டும். இடித்துக் கட்டுவதென்றால் 11ஆம் பிரிவின் கீழ் இன்னோர் அறிவிப்பு வேண்டும். அறிவித்த பகுதியில் வாடகைக்கு இருப்பவரைக்கூட உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் வெளியேற்ற முடியாது என்கிறது 29ஆம் பிரிவு. ஏழைக்கு இவ்வளவு பிடிமானம் தரும் சட்டம் அபூர்வம். ஆனால் எல்லாம் அந்த முதல் அறிவிப்பைப் பொறுத்தது. 1971இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் கணக்கெடுக்கப்பட்டன. பிற்காலத்தில் புதிய அறிவிப்புகள் அரிதாகிவிட்டதால், பின்னால் உருவான குடியிருப்புகளுக்குச் சட்டம் இருந்தும் காப்பு இல்லாமல் போயிற்று.

வேலைமுறையும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு. அது செலவு பிடித்தது, எண்ணிக்கை ஏறவில்லை. 1977இல் உலக வங்கிக் கடனுடன் வேறு வழி வந்தது: தண்ணீர், வடிகால், பாதை, தெருவிளக்கு ஆகியவற்றை வாரியம் செய்து கொடுக்கும், மனையைத் தவணையில் குடும்பத்துக்கே விற்கும், வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ளலாம். வாரியம் செய்தவற்றில் ஆகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. மனை தன் பெயருக்கு வரும் என்று தெரிந்தால் கீற்றை எடுத்துவிட்டுச் சுவர் வைக்க யாரும் தயங்குவதில்லை. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடியில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிழைப்பு இருந்த தெரு தூரமாயிற்று. பள்ளி ஆண்டின் நடுவில் இடம் மாற்றியதால் பிள்ளைகளின் படிப்பு அறுந்தது. கதவும் கழிப்பறையும் கொடுத்து இதை ஈடுகட்ட முடியாது.

1984 முதல் வாரியம் மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. 2021இல் ‘குடிசை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் பக்கம், 2024இல் மாநகராட்சியான காரைக்குடிக்கும் அதன் வீட்டுத் திட்டங்கள் பொருந்தும்.

காரைக்குடியில் தாத்தா காலத்து மனையில் மண்சுவர் வீடு. அரசு மானியத்தில் கட்ட முடியுமா?
– வாசகி, காரைக்குடி

முடியும். பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவு இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம். மாநில அரசின் பங்கு அதற்கு மேல்.

உங்கள் சிக்கல் பட்டாவில் இருக்கும். தாத்தா பெயரிலேயே கிடந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து உங்கள் பங்கைத் தனியாக்குங்கள். பங்காளிகள் வெளியூரில் இருந்தால் இதற்கே மாதங்கள் ஆகும், இன்றே தொடங்குங்கள். ஊரணிக் கரை, கண்மாய்ப் புறம்போக்கு என்றால் பட்டாவை எதிர்பார்க்காதீர்கள்.

பணி ஆணை வருமுன் பழைய வீட்டை இடிக்காதீர்கள், அடித்தளக் குழியும் தோண்டாதீர்கள். அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் இடக்குறியோடு (எந்த இடம் என்று பதிவாகும்படி) படம் எடுத்த பிறகே தவணை வரும். ஆரம்பப் படம் விடுபட்டால் எல்லாம் நிற்கும். பலர் சறுக்குவது அளவில்தான். திட்டம் கேட்பது 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 323 சதுர அடி. 800 சதுர அடிக்கு அடித்தளம் போட்டுவிட்டு லிண்டலுக்குக் கீழே பணம் தீர்ந்து போகிறவர்களுக்கு அடுத்த தவணை வருவதில்லை. முதலில் சின்னதாக முடியுங்கள். மாடிப்படிக்கு இடம் விட்டு வைத்தால் போதும்.

எங்கள் பூர்வீக வீட்டின் வளவுச் சுவரில் சிமெண்ட் பூசினோம். இரண்டே மழையில் பொரிந்து உதிர்கிறது. இதற்கு வாரியம் உதவுமா?
– வாசகர், தேவகோட்டை

உதவாது. இது வாரியத்தின் எல்லைக்குள் வராது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருந்தாலும் அதனால் வீட்டுக்காரருக்குப் பணம் வருவதில்லை.

சுவர் உதிரக் காரணம் சிமெண்ட்டேதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிட, உள்ளே தேங்கும் ஈரத்தில் உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. முதலில் முற்றத்து வடிகாலையும் கூரை ஓரத்துத் தகர நீர்வழியையும் அடைப்பு நீக்குங்கள். ஈரம் வரும் வழி பெரும்பாலும் அங்கேதான். பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, உப்பைத் தூரிகையால் உலர்வாகவே தட்டுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு மறுபடி உள்ளே இறங்கும். குறைந்தது 15 நாள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் பூசினால் வெடிக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்கு கட்டுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள்.