யூனியன் ஹாலின் வேலைப் பட்டியலை மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ரொறன்ரோவில் ஒரு கட்டட யூனியனில் ஒன்பது வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். லேஓஃப் ஆனால், வேலைக்கு ஆள் அனுப்பும் யூனியன் ஹாலில் பெயரைப் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். பட்டியலில் நான் எத்தனையாவது ஆள் என்று கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை. எனக்குப் பிறகு பதிந்தவர்கள் முன்னால் போகிறார்கள். போன மாதம் 4 நாள் வேலைக்கு அனுப்பினார்கள். முடித்துவிட்டு வந்தால் பட்டியலின் அடியில் போட்டுவிட்டார்கள். இந்த முறையை மாற்ற நாங்கள் சிலர் யோசிக்கிறோம். வழக்குப் போடலாமா? – ஸ்காபரோ வாசகர்

பதில்: வழக்குக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரியுங்கள். 4 நாள் வேலைக்குப் போனவரைப் பட்டியலின் அடியில் போடுவது அநேகமாக எழுதி வைத்த விதி. விதி பிழை என்றால் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் மாற்ற வேண்டும். பின்னால் பதிந்தவர் முன்னால் போனது வேறு விஷயம். கொம்பனி அவரைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கலாம், அந்த வேலைக்கு வேண்டிய சான்றிதழ் அவரிடம் மட்டும் இருந்திருக்கலாம், அல்லது இருக்கிற விதியை டிஸ்பாச்சர் (ஹாலில் ஆட்களை வேலைக்கு அனுப்புபவர்) மீறியிருக்கலாம். மீறல் என்றால்தான் சட்டத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

ஆகவே முதல் வேலை, விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. மூன்று இடங்களில் தேடுங்கள்: கொம்பனிகளோடு யூனியன் செய்த கூட்டு ஒப்பந்தம், லோக்கலின் (உங்கள் யூனியன் கிளையின்) துணை விதிகள், ஹாலின் சொந்த நடைமுறை விதிகள். இதைத் தேடாமல் கூட்டத்தில் எழும்பிச் சத்தம் போட்டு, "அது எங்கள் கையில் இல்லை" என்ற ஒரே பதிலோடு உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில நேரம் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். ஒன்ராறியோவில் வணிக, தொழிற்சாலை, நிறுவனக் கட்டடங்களுக்கான ஒப்பந்தம் ஒவ்வொரு தொழிலுக்கும் மாகாணம் முழுமைக்கும் ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் 30இல் முடியும். கடைசியாக 2025இல் முடிந்தது, அடுத்தது 2028. கொம்பனி எத்தனை பேரைப் பெயர் சொல்லி எடுக்கலாம் என்பது போன்றவை அந்த ஒப்பந்தத்தில் இருந்தால், உங்கள் லோக்கல் தனியாக மாற்ற முடியாது. பேச்சுவார்த்தைக் கோரிக்கைகளைத் தொகுக்கும் கட்டத்திலேயே உங்கள் கோரிக்கை உள்ளே போக வேண்டும்.

துணை விதியில் இருந்தால் வழி திறந்திருக்கிறது, ஆனால் அவசரப்பட முடியாது. பெரும்பாலான லோக்கல்களில் ஒரு கூட்டத்தில் எழுத்தில் பிரேரணை கொடுத்து வாசிக்க வேண்டும், பிந்திய கூட்டத்தில்தான் வாக்கெடுப்பு. அதன் பிறகு சர்வதேசத் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கலாம். கட்டட யூனியன்கள் பலவற்றுக்கு அது வாஷிங்டனில் இருக்கிறது. வெறும் ஹால் விதி என்றால் நிர்வாகக் குழுவே மாற்றிவிடலாம். அதுதான் மிகச் சுலபம், முதலில் அங்கே முயலுங்கள்.

சரி, எதை மாற்றக் கேட்பது? பெரும்பாலானோர் "முதலில் பதிந்தவர் முதலில் போகட்டும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அநேகமாக உங்கள் ஹாலில் அது ஏற்கெனவே இருக்கும். அநியாயம் புகுவது அதைச் சுற்றியுள்ள சின்ன விதிகளால். 4 நாள் வேலையையே எடுங்கள். மூன்று மாதம் காத்திருந்து பட்டியலின் தலைக்கு வந்த ஒருவர் அதை ஏற்றால், காத்திருந்த மூன்று மாதமும் போச்சு. மறுத்தால் மறுப்புக் கணக்கில் ஒன்று ஏறும். இத்தனை முறை மறுத்தால் அடிக்குப் போக வேண்டும் என்று பல ஹால்களில் விதி உண்டு. இரண்டு பக்கமும் அடி. இதற்குத் தீர்வு உண்டு: குறிப்பிட்ட நாட்களுக்குக் குறைந்த வேலைக்குப் போனவர், திரும்பி வந்ததும் தன் பழைய இடத்திலேயே நிற்கட்டும். எல்லை 10 நாளா 15 நாளா என்பதை உங்கள் தொழிலின் நடப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குறுகிய வேலையை மறுப்பது மறுப்பாகவே கணக்கில் வரக்கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு வழி, குறைந்த மணித்தியாலம் வேலை செய்தவரை முதலில் அனுப்புவது. இதன் பழைய உதாரணம் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்கள். அங்கே தொழிலாளர்கள் விடியற்காலையில் வரிசையில் நிற்க, போர்மன் கை காட்டியவருக்குத்தான் அன்றைக்கு வேலை. 1934இல் அதை எதிர்த்து 83 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 5ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த நடுவர் தீர்ப்பு, வேலைக்கு ஆள் அனுப்பும் ஹாலைக் கொம்பனிகளும் யூனியனும் சேர்ந்து நடத்தவும் டிஸ்பாச்சரை யூனியன் தேர்ந்தெடுக்கவும் வழி செய்தது. அதன் பிறகுதான் குறைவாக உழைத்தவர் முதலில் போகும் முறை அங்கே வேரூன்றியது. இன்று நீங்கள் குறை சொல்லும் ஹால் போன்ற ஒன்று அங்கே உயிர் கொடுத்து வாங்கப்பட்டது. அதனால்தான் அதைத் திருத்துவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் தொழிலிலும் இது முடியாத காரியம் அல்ல. ஓய்வூதிய, மருத்துவ நிதிகளுக்குக் கொம்பனி மணித்தியாலக் கணக்கில்தான் பணம் கட்டுகிறது, ஆகவே யார் எவ்வளவு உழைத்தார் என்ற பதிவு ஏற்கெனவே இருக்கிறது. மணித்தியாலம் குறைந்தால் பல யூனியன்களில் பல், மருந்துக் காப்புறுதி அறுந்துபோகும். வேலையின்மைக் காப்புறுதிக்கும் நீங்கள் வசிக்கும் பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வேண்டும். ஒரு குறையும் உண்டு: ஆண்டு முழுக்க ஒரே கொம்பனியில் இருந்துவிட்டு இப்போதுதான் லேஓஃப் ஆனவர் பின்னுக்குத் தள்ளப்படுவார். அவர் உங்களுக்கு எதிராக வாக்களிப்பார், அதில் பிழையும் இல்லை. என் ஆலோசனை, இந்தப் பெரிய மாற்றத்தை முதல் பிரேரணையில் வைக்காதீர்கள். குறுகிய வேலை விதியையும் பட்டியலைப் பார்வைக்கு வைப்பதையும் மட்டும் முதலில் கேளுங்கள். அவற்றை எதிர்க்க யாருக்கும் நல்ல காரணம் கிடைக்காது.

பட்டியலைப் பார்வைக்கு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. கனடா தொழிற் சட்டக் கோவையின் 69ஆவது பிரிவு, வேலைக்கு ஆள் அனுப்பும் யூனியன் தன் விதிகளை ஆட்கள் கூடும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்கிறது. அது துறைமுகம் போன்ற மத்திய அரசின் கீழ் வரும் தொழில்களுக்கு. கட்டட வேலை மாகாணத்தின் கீழ் வருவதால் உங்களை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் பிரேரணைக்கு நல்ல முன்மாதிரி. விதிகளோடு நிற்காமல், யார் எத்தனையாவது இடம், இந்த வாரம் எந்த சைற்றுக்கு யார் போனார், பெயர் சொல்லிக் கேட்டதா வரிசைப்படி போனதா என்பதும் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். உறுப்பினர் எண் போதும், பெயர் தேவையில்லை. மாறும் நாளையும் குறிப்பிடுங்கள். அன்று பட்டியலில் நிற்பவர்கள் தங்கள் இடத்தை இழக்கக்கூடாது. இந்த ஒரு வரி விடுபட்டதாலேயே பட்டியலின் மேலே நின்ற அத்தனை பேரும் எதிர்த்து வாக்களிப்பது நடக்கும்.

இப்போது வழக்கு. ஒன்ராறியோ தொழில் உறவுகள் சட்டம், 1995இன் 75ஆவது பிரிவு, கூட்டு ஒப்பந்தத்தின்படி ஆட்களை வேலைக்கு அனுப்பும் யூனியன் தன்னிச்சையாகவோ, பாரபட்சமாகவோ, கெட்ட எண்ணத்தோடோ நடக்கக்கூடாது என்கிறது. முறைப்பாடு ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபைக்குப் போகும். இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இதைவிட நல்ல விதி இருக்கலாமே என்று சபை பார்க்காது. விதி உங்களுக்குப் பாதகமாக இருப்பது மட்டும் போதாது. எழுதிய விதியை உங்கள் விஷயத்தில் மட்டும் காரணமில்லாமல் மீறினார்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை பலமாக இருக்கும். இணையத்தில் அதிகம் கிடைக்கும் ஆறு மாதக் கெடு அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது, உங்களுக்குப் பொருந்தாது. அதற்காக ஆறப்போடவும் வேண்டாம், காரணமில்லாத தாமதத்துக்காகவே சபை முறைப்பாட்டைத் தள்ளிவிட முடியும். இனம், பிறந்த நாடு காரணமாகத்தான் ஒதுக்குகிறார்கள் என்றால் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டமும் துணைக்கு வரும்.

எந்த வழியில் போனாலும் இன்றிலிருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: பதிந்த தேதி, சொன்ன இடம், வந்த அழைப்பு, மறுத்தீர்களா, ஏன். சேர்ந்திருக்கும் மற்றவர்களும் எழுதட்டும். அப்புறம், உங்கள் இடம் எத்தனை என்று டிஸ்பாச்சரிடம் வாயால் கேட்பதை நிறுத்துங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், துணை விதிகளின் பிரதியையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.