ஃபோர் பை ஃபோர் ஜீப்பில் வளைவுக்கு வளைவு ‘டக் டக்’: முன் ஆக்ஸில் போச்சா?

செகண்ட்ஸில் ஃபோர் பை ஃபோர் வாங்கியிருக்கிறீர்கள், ஏற்காடு ஏறும்போது வளைவில் முன்பக்கம் டக் டக் என்கிறது, மெக்கானிக் ரெண்டு பக்க ஆக்ஸிலையும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு ஒரு பழைய மஹிந்திரா தார், டீசல். குலுக்கலைத் தாங்க முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்னால் ஸ்பிரிங் பட்டை. நான் சொல்வது லீவர் போட்டால் மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் “எங்களுக்கு அப்படி இல்லையே” என்று சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். நாலு வீலையும் போட்டுக்கொண்டேவா மலை ஏறுகிறீர்கள்? நிறையப் பேர் அப்படித்தான் ஏறுகிறார்கள். நம் மாதிரி வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல், அதாவது ரெண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க வழியில்லாமல் முறுக்கேறி, டக்கென்று விடும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டி இப்படித் திணறினால் நல்ல ஆக்ஸிலும் கெட்டுப்போன மாதிரிதான் கேட்கும். லீவரை டூ வீலுக்குத் தள்ளிவிட்டு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். சத்தம் நின்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

என் வண்டியில் டூ வீலிலும் சத்தம் வந்தது. சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர் தெரு முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் சொல்லாமல் கூட வந்த டிரைவர் தம்பியிடம் சொன்னார்: “அக்காகிட்ட சொல்லுப்பா, ரெண்டு ஆக்ஸிலும் அவுட்டு. செட்டா மாத்திட்டா நிம்மதி.” அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். வண்டி என் பேரில், பில் கட்டப்போவதும் நான். “பூட் கிழிஞ்சிருக்கா?” என்று கேட்டேன். அதற்கும் தம்பியைப் பார்த்தே, “உள்ளயே போயிருக்குங்க” என்றார். நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு கணக்குச் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பூட்டைப் பற்றி ஏன் கேட்டேன் என்றால், ஆக்ஸிலின் சக்கரத்துப் பக்க முனையில், சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயிண்டுக்குள் ஒரு கூண்டில் ஆறு எஃகு குண்டுகள், அவை ஓட வரிப்பள்ளம், சுற்றிலும் கருப்பு கிரீஸ். இதையெல்லாம் மூடியிருப்பது ஒரு ரப்பர் பூட்தான். அது கிழிந்தால் கிரீஸ் தெறித்து வெளியேறும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், பள்ளம் தேய்ந்து குழி விழும். அதன் பிறகுதான் பெரும்பாலும் டிக் டிக். அதனால் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் உள்பக்கத்தை. பிரேக் டிஸ்க்கிலும் சுற்றியுள்ள பாகங்களிலும் கிரீஸ் தெறித்திருக்கிறதா, பூட்டின் மடிப்புகளை விரித்தால் வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். கிழிசலைச் சத்தம் வருமுன் பிடித்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்தபின் புது பூட் போட்டுப் பயனில்லை. என் வண்டியில் ரெண்டு ஆக்ஸிலின் உள்முனை, வெளிமுனை என நாலு பூட்டும் முழுசாக, காய்ந்து, தூசி படிந்திருந்தன.

அடுத்து ஓட்டிப் பார்த்தேன். டூ வீலில் முன் ஆக்ஸில் இழுப்பதில்லை, சும்மா சுற்றும். பாரம் இல்லாத ஜாயிண்ட் அவ்வளவு கணீரென்று சத்தம் போடுவது அபூர்வம். ஒரு மண் திடலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவாக மிதித்து வட்டம் போட்டேன். டூ வீலில் ஒன்றுமில்லை, நாலு வீலிலும் ஒன்றுமில்லை, ரிவர்ஸிலும் இல்லை. பிறகு நேர் ரோட்டில் மிதியை விட்டு விட்டு அழுத்தினேன். டக். ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் மாற்றினால் இன்னும் பெரிய டக்.

வளைவில்தானே கியரை இறக்குகிறோம், காலை எடுத்து மறுபடி மிதிக்கிறோம். சத்தத்துக்குக் காரணம் அந்த மிதிதான், ஸ்டியரிங் அல்ல. ஒர்க்‌ஷாப்காரர் இதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

மேலே எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் விட்டு, அடியில் படுத்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கினார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஷாஃப்ட் முழுக்கச் சேர்ந்து லேசாக ஆடினால் அது பின் ஆக்ஸில் நடுவே இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தில் உள்ள ஆட்டம், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஷாஃப்டின் முனையில் மடங்கிக் கொடுக்கும் இணைப்பு யூ ஜாயிண்ட், அதன் நடுவே கூட்டல் குறி மாதிரி இருப்பது கிராஸ்; அந்தக் கிராஸின் ரெண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நகர்கிறதா என்பதுதான் கணக்கு. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துவிடும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக் கிராஸ் நகர்ந்தது. கிராஸின் முனையை மூடும் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி துரு. “கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்குதுங்க, யாரும்தான் அடிக்கல” என்றார், என்னைப் பார்த்தே. சீட்டுக்கு அடியில் வரும் சத்தம் சேஸில் ஏறி முன்னால் கேட்டிருக்கிறது. கழற்றுமுன் ஷாஃப்டிலும் அதைப் பூட்டும் ஃபிளாஞ்சிலும் அடையாளக் கோடு போட்டுக்கொண்டார். மாறிப் பூட்டினால் வண்டி உதறும். கிராஸும் கூலியுமாக ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது.

எல்லாச் சத்தமும் கிராஸ்தான் என்று நான் சொல்லவில்லை. வேகம் கூடக் கூட ஊளையிட்டு, ஒரு பக்கம் திரும்பினால் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள். நேராகப் போகும்போதே, மிதித்தால் மட்டும் உதறினால் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்ட். பள்ளத்தில் மட்டும் லொடலொடவென்றால் சஸ்பென்ஷனில் உள்ள புஷ், லிங்க். மண்ணில், நாலு வீலில், முழுக்க ஒடித்துப் போகும்போது வேகத்துக்குத் தக்கபடி டிக் டிக் வந்தால் ஜாயிண்டேதான். அப்போதும் எந்தப் பக்கம் என்று உள்ளே உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள், ஒருவரை வெளியே ஒதுங்கி நின்று கேட்கச் சொல்லுங்கள். போனது ஒன்றென்றால் ஒன்றை மாற்றினால் போதும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். சனி ஞாயிறில் மேலிருந்து இறங்கும் கார்கள் ஏறும் வண்டிக்கு வழி விடுவதே இல்லை. குறுகலான மலைப்பாதையில் இறங்குபவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. உர மூட்டையோடு பாதி வளைவில், ஸ்டியரிங் முழுக்க ஒடிந்த நிலையில் நிறுத்தி, மறுபடி கிளட்சைக் கருக்கிக் கிளப்பினால் எந்த ஜாயிண்ட் தாங்கும்? நிறுத்த வைத்துவிட்டு ஜன்னல் வழியாக “போங்க ஆன்ட்டி” என்று கையாட்டுவார்கள்.

உங்கள் வண்டி எது என்று எழுதவில்லை. ஜிப்ஸி என்றால் மேலே சொன்ன பூட் சோதனை உதவாது. அதில் முன் ஜாயிண்ட் சக்கரத்துப் பக்கத்து உருண்டைக் கூட்டுக்குள் இருக்கும், வெளியே ரப்பர் பூட் தெரியாது. அந்த உருண்டையைத் துடைத்துவிட்டு நாலு நாள் ஓட்டி, சீல் வழியாக கிரீஸோ ஆயிலோ வடிகிறதா என்று பாருங்கள்.