முடி வெட்டினா சீக்கிய மதத்தை விட்டே தள்ளிடுவாங்களா?

லூதியானாவுல இருக்குற வாசகி ஒருத்தர் கேட்டிருக்காங்க: வீட்டுக்காரர் அம்ரித் (சீக்கிய தீட்சை) எடுத்தவர், போன வருஷம் வேலைக்காக முடி, தாடி எல்லாம் வெட்டிட்டார், மாமியார் 'நீ பதித்' (நெறி தவறினவன்)னு சொல்லி மகனோட ஒரே தட்டுல சாப்பிடுறதையே விட்டுட்டாங்க, இப்போ அவருக்கு திரும்ப வரணும், அகால் தக்த் (அமிர்தசரஸ்ல இருக்குற சீக்கியர்களோட உச்ச மத பீடம்) முன்னாடி போய் நிக்கணுமா?

வேண்டாங்க. டிவி பாத்து வந்த பயம் இது. 2024 டிசம்பர்ல அகாலி தளத்தோட சுக்பீர் சிங் பாதல் கழுத்துல பலகையோட பொற்கோயில் வாசல்ல உக்காந்தாரு, 1988ல பஞ்சாப் முன்னாள் முதல்வர் பர்னாலாவும் (நம்ம ஊர்ல ரெண்டு தடவை கவர்னரா இருந்தவரேதான்) அப்படித்தான் பலகை மாட்டிக்கிட்டு நின்னாரு. அதெல்லாம் தலைவர்கள் மேல அகால் தக்த் எடுத்த நடவடிக்கை, தன்காயியா (மதத் தண்டனைக்கு உரியவர்) கேஸ்.

உங்க வீட்டுக்காரரோடது வேற. 1945ல எஸ்ஜிபிசி (குருத்வாராக்களை நிர்வகிக்கிற கமிட்டி) ஏத்துக்கிட்ட ரெஹத் மரியாதாவுல (சீக்கியர் நடத்தை விதிகள்) நாலு குரஹித் (பெரிய தவறு) இருக்கு, முடி வெட்டுறது, ஹலால் முறையில அறுத்த கறி, கணவன் மனைவியைத் தாண்டின உறவு, புகையிலை. அம்ரித் எடுத்தவர் இதுல ஒண்ணு பண்ணாலும் பதித், மறுபடி அம்ரித் எடுத்தே ஆகணும். குடிக்கிறது, தாடிக்கு டை அடிக்கிறது, கல்யாணத்துல பணம் பேரம் பேசுறது எல்லாம் தன்காயியா லெவல்தான், குடுத்த தண்டனையை செஞ்சா முடிஞ்சுது. கல்யாண பேரத்தை விட முடி பெரிய தப்பான்னு எனக்கே தோணும், ஆனா ரூல் அதுதான்.

மாமியார் மேல கோவப்படாதீங்க, பதித்தோட ஒரே தட்டுல சாப்பிட்டா அவங்களே தன்காயியா ஆயிடுவாங்க. மத்தபடி குருத்வாரா, லங்கர் (அங்க போடுற பொது சாப்பாடு) எதுக்கும் தடையில்லை, கல்யாணமும் செல்லும். அகால் தக்த் மாதிரியான தக்த்கள்ல அவர் பேர்ல அர்தாஸ் (பிரார்த்தனை) பண்ண மாட்டாங்க, எஸ்ஜிபிசி எலெக்ஷன்ல ஓட்டும் கிடையாது, அவ்ளோதான்.

திரும்ப வர பக்கத்து குருத்வாராவுல அம்ரித் சஞ்சார் (தீட்சை குடுக்குற சடங்கு) எப்போன்னு கிரந்தியை (புனித நூல் வாசிக்கிறவர்) கேளுங்க. தலைக்கு குளிச்சு, அஞ்சு ககாரோட (முடி, சீப்பு, காப்பு, கிர்பான், அரைக்கால் உள்ளாடை) போகணும், ஏற்கனவே எடுத்து தவறினவன்னு பஞ்ச் பியாரே (தீட்சை குடுக்குற அஞ்சு பேர்) கிட்ட மறைக்காம சொல்லணும். அவங்க தனியா வெச்சு முதல்ல தன்கா (தண்டனை) குடுப்பாங்க, பாத்திரம் கழுவுறது, செருப்பு துடைக்கிறது, பாட் (புனித பாடல் படிக்கிறது) பண்றதுன்னு எதுவா வேணா இருக்கலாம், அப்புறம் மத்தவங்களோட சேர்த்து அம்ரித். தண்டனையில பேரம் பேசக்கூடாது, அதே சமயம் சங்கத்தும் (கூடியிருக்குற சீக்கியர்களும்) மன்னிக்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கக்கூடாதுன்னு ரெஹத்துலயே இருக்கு.

வேலைக்காக வெட்டினவர்ங்கிறதால முதல்ல ஆபீஸ்ல டர்பனுக்கு ஓகே வாங்கிட்டு அப்புறமா தேதி பாருங்க.