எம்.பி.பி.எஸ். முடிக்கும் மகள் பி.எச்டி. என்கிறாள்: எம்.டி. என்ன ஆவது?

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ்.ஸின் கடைசியில் வரும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி) முடிக்கப் போகிறார். கூடப் படித்தவர்கள் எல்லாம் எம்.டி. மாதிரியான முதுகலைப் படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக் கோச்சிங்கில் இருக்க, இவர் மட்டும் ‘ஹெல்த் அவுட்கம்ஸ்’ ஆராய்ச்சியில் பி.எச்டி. செய்யப் போவதாகச் சொல்கிறார். படித்த மருத்துவம் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. ஆனால் எதை முன்னால் படிப்பது, எதைப் பின்னால் படிப்பது என்பதில் தப்பு செய்தால் நாலைந்து வருடம் போய்விடும்.

முதலில் இது என்ன படிப்பு என்று பார்ப்போம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கிறது. கேஸ் ஷீட்டைப் பொறுத்தவரை அது நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து அவர் மாடிப்படி ஏறுகிறாரா, வலி மாத்திரையை விட்டாரா, வேலைக்குத் திரும்பினாரா, காப்பீடு போகக் கைக்காசு எவ்வளவு செலவானது? இதையெல்லாம் கணக்கெடுத்து, எந்தச் சிகிச்சை யாருக்கு நிஜமாகவே பலன் தருகிறது என்று சொல்வதுதான் இந்தத் துறை.

உங்கள் தம்பி இதை ‘அமெரிக்காக்காரன் படிப்பு’ என்கிறாராம். அவர் சேத்துப்பட்டுப் பக்கம் போனால் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காட்டுங்கள். அந்த மையம் 1956-இல் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட நோயாளிகளையும், சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்க வைக்கும் மருத்துவமனை) சேர்ந்து ஒரு வருடம் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டுமே குறைவு. இருந்தும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, நோயாளியோடு வசிக்கும் குடும்பத்தாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை என்று 1959-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சிகிச்சை முறையே மாறியது. இப்போது தாம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பெயரில் மட்டும் சானடோரியம் என்ற வார்த்தையைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். உங்கள் மகள் செய்ய நினைப்பது இந்த வகை வேலைதான்.

சரி, வரிசைக்கு வருவோம். எம்.டி. முதலில், பி.எச்டி. பிறகு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மருத்துவக் கல்லூரியில் டாக்டராகவே பாடம் நடத்தி மேலே வர பி.ஜி. வேண்டும், வெறும் பி.எச்டி.யை வைத்து அந்த இடத்துக்கு வருவது கஷ்டம். அதைவிடப் பெரிய காரணம், ஆராய்ச்சிக்கான கேள்வி வார்டில்தான் கிடைக்கும். மூன்று வருடம் நோயாளிகளைப் பார்த்தவர் கேட்கும் கேள்விக்கும் லேப்டாப்பை மட்டும் பார்த்தவர் கேட்கும் கேள்விக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

எந்த எம்.டி.? எஸ்.பி.எம். (சமூக, நோய்த்தடுப்பு மருத்துவம்) என்றால் ‘ராங்க் வராதவர்கள் எடுக்கும் சீட்’ என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உங்கள் மகளுக்கு அதுதான் நேர் வழி. கொள்ளைநோயியலும் (எந்த நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்ற படிப்பு) புள்ளியியலும் அதிலேயே வந்துவிடும். ஜெனரல் மெடிசின் பிடிக்கும் என்றால் அதையே படிக்கட்டும். பின்னாளில் தன் சர்க்கரை நோயாளிகளை வைத்தே பகுதி நேர பி.எச்டி. செய்யலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகள் பகுதி நேரத்தை அனுமதிக்கின்றன. பி.எச்டி.க்குக் குறைந்தது 3 வருடம், சாதாரணமாக அதிகபட்சம் 6.

கிளினிக் பக்கமே வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தால் கதை வேறு. அயப்பாக்கத்தில் தேசிய கொள்ளைநோயியல் நிறுவனம் இருக்கிறது. அம்பத்தூரில் இருந்துகொண்டு நீங்கள் பாஸ்டனை விசாரிக்கிறீர்கள்! அயப்பாக்கத்திலேயோ, திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையத்திலோ எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) முடித்துவிட்டு பி.எச்டி.க்குப் போகலாம்.

அமெரிக்க எம்.டி.-பி.எச்டி. கூட்டுப் படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்நாட்டு அரசு 1964 முதல் அதற்கு நிதி தருகிறது. ஏழெட்டு வருடப் படிப்பு. ஃபீஸ் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அந்த அரசுப் பணம் அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருப்பவர்களுக்குத்தான். தவிர, அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி; அது இனிமேல்தான் டாக்டர் ஆகப் போகிறவர்களுக்கான படிப்பு. உங்கள் மகள் போவதென்றால் தனியாக பி.எச்டி.க்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டு எம்.பி.எச். மட்டும் வேண்டாம்.

பண விஷயத்தை மறைக்கக் கூடாது. இங்கே பி.எச்டி. செய்பவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. அதே வயதில் நண்பர்கள் தனியார் மருத்துவமனையில் இன்னும் நிறைய வாங்குவார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நிறுவனங்கள், எந்தச் சிகிச்சை செலவுக்கேற்ற பலன் தருகிறது என்று பார்க்க 2017-இல் மத்திய அரசு தொடங்கிய மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவு, மருந்து கம்பெனிகளின் ஆய்வுக் குழுக்கள் என்று வாய்ப்புகள் உண்டு. ஆனால் கோடம்பாக்கத்தில் கிளினிக் போட்ட டாக்டரின் வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இந்த வேலை மகளுக்கு ஒத்துவருமா என்பதை இப்போதே சோதிக்கலாம். தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, 2017-18-இல் எடுத்த மருத்துவச் செலவுக் கணக்கு, இலவசமாகக் கிடைக்கிறது. புள்ளிவிவரக் கணக்குப் போடும் ‘ஆர்’ மென்பொருளும் இலவசம். தமிழ்நாட்டில் பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையில் எவ்வளவு, தனியாரில் எவ்வளவு செலவானது என்ற ஒரே ஒரு அட்டவணையை அவரே போட்டுப் பார்க்கட்டும். வரிக்கு வரி பிழை வரும். விடியும்வரை உட்கார்ந்து அதைச் சரிசெய்யத் தோன்றுகிறதா, லேப்டாப்பை மூடத் தோன்றுகிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். நிஜ ஆய்வில் இதோடு இன்னொரு தலைவலியும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் போன் நம்பர் பாதிப் பேருக்கு மைத்துனருடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். நோயாளியைத் தேடிப் பிடிப்பதிலேயே மாதங்கள் ஓடும்.

கடைசியாக, பி.எச்டி.க்குச் சேரும்போது கல்லூரிப் பெயரைவிட கைடைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் முடித்த இரண்டு மூன்று பேரிடம், தீசிஸ் கொடுக்க எத்தனை வருடம் ஆனது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று கேட்டாலே போதும். நீட் பி.ஜி. விண்ணப்பத்தை மட்டும் இந்த வருடமே போட்டு வைக்கட்டும்.