சோஃபாவிலிருந்து குதிக்கும் குட்டி நாய்: கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்கள் பொமரேனியன் நாள் முழுக்க சோஃபாவில் ஏறிக் குதிக்கிறது. ஒன்றரை அடி உயரம்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரி நாய்களின் முன்னங்காலை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தோலுக்குக் கீழே உடனே எலும்பு தட்டுப்படும், சதையே இருக்காது. குதித்து இறங்கும்போது முதல் அடியை வாங்குவது முன்னங்கால்கள்தான், பெரும்பாலும் உடைவதும் அந்த இடம்தான். அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் உடைந்த எலும்பு சீக்கிரம் ஒன்றுசேராது. மாவுக்கட்டு பல நேரம் போதாமல், பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

சோஃபாவுக்குப் பக்கத்தில் வழுக்காத சாய்வுப் பலகை ஒன்றைப் போட்டு, அதில் ஏறி இறங்கப் பழக்குங்கள். தரை வழவழப்பாக இருந்தால் ரப்பர் விரிப்பு போடுங்கள். நகம் நீண்டிருந்தாலும், பாதத்துக்கு அடியில் முடி வளர்ந்திருந்தாலும் கால் வழுக்கும், இரண்டையும் வெட்டிவிடுங்கள்.

சோஃபாவைவிட எனக்கு அதிகக் கவலை, நின்றபடி நாயைத் தூக்கி வைத்திருக்கும் குழந்தைகள்தான். துள்ளி விழுந்தால் உயரம் இரண்டு மடங்கு. குழந்தை தரையில் உட்காரட்டும், அப்புறம் நாயை மடியில் கொடுங்கள்.

நடக்கும்போது திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலடி தத்துகிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

முழங்கால் சில்லு இடம் விலகித் திரும்பப் பொருந்துவதாக இருக்கலாம். சிறிய இனங்களில் இது சகஜம். நாய்க்கு வலி தெரியவில்லை என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டுங்கள். எடை கூடவிடாதீர்கள்.

சங்கிலியை இழுத்தால் வாத்து கத்துவது போல இருமுகிறது.

கழுத்துப் பட்டையை இன்றே கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸுக்கு மாறுங்கள். சிறிய நாய்களில் மூச்சுக்குழல் தளர்ந்து அமுங்கும் நோய் உண்டு. அதன் இருமல் இப்படித்தான் கேட்கும். அதனால் பரிசோதனையும் அவசியம்.

டாக்ஸ்ஹுண்டை எப்படித் தூக்குவது?

ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பகுதிக்கு அடியில். முதுகு தரைக்கு நேராக இருக்க வேண்டும். இந்த இனத்துக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கும் ஆபத்து அதிகம், அதனால் முன்னங்கால்களைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். பின்னங்கால்கள் தள்ளாடினாலோ இழுபட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தெரியாமல் மிதித்துவிட்டேன், நொண்டுகிறது. வலி மாத்திரை தரலாமா?

நாம் போடும் மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை. உடம்பு சிறியது என்பதால் ஒரே மாத்திரைகூட ஆபத்தாகலாம். காலை நீவிவிடவும் வேண்டாம், நீங்களே குச்சி வைத்துக் கட்டவும் வேண்டாம். துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, ஆடாமல் அசையாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலியில் உங்களையே கடிக்கக்கூடும், முகத்தருகே குனியாதீர்கள்.